850 ரூபாய் ஸ்கேனரும் பி 0106-உம்: ஆறு வருஷ அனுபவம்

2019-இல் 850 ரூபாய்க்கு வாங்கிய ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் இது, அதாவது காரின் பழுதைப் படித்துக் காட்டும் கருவி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகி, போனில் ஆப்பைத் திறந்தால் எஞ்சின் கம்ப்யூட்டர் பார்க்கிற எண்களை நாமும் பார்க்கலாம். முதல் ஐந்து வருஷம் இதை நான் பொம்மையாகத்தான் வைத்திருந்தேன். காட்பாடி பாலத்து நெரிசலில் நிற்கும்போது கூலன்ட் சூடு ஏறுவதை வேடிக்கை பார்ப்பேன், அவ்வளவுதான்.

இதற்கு வேலை வந்தது 2024 மே மாதம், கத்திரி வெயிலில். வண்டி 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், டிஎன் 23, வேலூர் பதிவு. ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது பள்ளிகொண்டா டோல் வரிசையில் செக் எஞ்சின் லைட் எரிந்தது. வீட்டுக்கு வந்து ஸ்கேனரைச் செருகினால் பி 0106 என்ற எரர் கோடு (code). எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளக்கும் மேப் (MAP) சென்சார் சொல்கிற கணக்கு, காற்றை உள்ளே விடும் திராட்டில் வால்வின் திறப்போடும் எஞ்சின் சுற்றும் வேகமான ஆர்பிஎம்மோடும் பொருந்தவில்லை என்று அர்த்தம். கீழே ‘அழி’ என்று ஒரு பொத்தான். அழுத்தினேன். லைட் அணைந்தது. பெரிய மெக்கானிக் ஆகிவிட்ட மிதப்பில் தூங்கப் போனேன்.

மூன்றாம் நாள் ஆற்காடு ரோட்டில் சிஎம்சி ஆஸ்பத்திரி வாசல் நெரிசலில் மறுபடி எரிந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். அவர்களும் அதே எரர் கோடைப் பார்த்தார்கள், சென்சாரை மாற்றினார்கள், 2,400 ரூபாய். அவர்களும் அழித்தே அனுப்பினார்கள். நாலு நாள் தாங்கியது. அடுத்த முறை போனபோது மேனிஃபோல்டையே மாற்ற வேண்டும், பிளாஸ்டிக் விரிசல் விட்டிருக்கும், சுமார் 14,000 ஆகும் என்றார்கள். ‘விட்டிருக்கும்’ என்ற அந்தச் சொல்தான் என்னை வண்டியைத் திரும்ப எடுத்துவர வைத்தது. விட்டிருக்கிறதா, இல்லையா?

இந்த முறை எதையும் அழிக்கவில்லை. ஆப்பில் ஃப்ரீஸ் ஃபிரேம் என்று ஒரு பக்கம் உண்டு. ஐந்து வருஷமாக அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. எரர் கோடு விழுந்த அந்த நொடியில் எஞ்சின் எப்படி இருந்தது என்பதை கம்ப்யூட்டர் படம் பிடித்தது போல அதில் எழுதி வைத்திருக்கும். வேகம் 0, கூலன்ட் 97 டிகிரி, ஆர்பிஎம் 1,080, மேனிஃபோல்டு அழுத்தம் 54 கிலோபாஸ்கல். சூடான எஞ்சின், நின்ற வண்டி. டோல் வரிசையிலும் சிஎம்சி வாசலிலும் அதுதானே நடந்தது! எரர் கோடை அழித்தால் இந்தப் பக்கமும் சேர்ந்து அழிந்துவிடும். முதல் நாளே என் கையில் இருந்த துப்பை நானே துடைத்துவிட்டிருக்கிறேன்.

என் வண்டியில் ஏசி இல்லாமல் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, மேனிஃபோல்டு அழுத்தம் 33, 34 காட்டுவது வழக்கம்; பொம்மையாக விளையாடிய காலத்து ஸ்கிரீன்ஷாட் இருந்ததால் தெரியும். மேனிஃபோல்டுக்குள் வேக்கம் (வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம்) இருக்க வேண்டிய நேரத்தில் 54 என்றால் இரண்டில் ஒன்று. சென்சார் பொய் சொல்கிறது, அல்லது எங்கிருந்தோ கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது.

சென்சார் பொய் சொல்கிறதா என்று பார்க்கக் காசே ஆகாது. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் மேனிஃபோல்டுக்குள் இருப்பது வெளிக்காற்றின் அழுத்தம்தான். காட்பாடியில் 98 காட்டியது. நாம் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர் சொச்சம் உயரத்தில் இருப்பதால் அது சரி. அந்த ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களை ஏலகிரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. 14 கொண்டை ஊசி வளைவும் ஏறி நிறுத்தியதும் மறுபடி சாவியைத் திருகிப் பார்த்தேன்: 89. மலை 1,100 மீட்டர் உயரம். 100 மீட்டருக்கு ஒரு கிலோபாஸ்கலுக்குச் சற்று அதிகமாக அழுத்தம் குறையும் என்று வைத்தால் கணக்கு நேராக வருகிறது. “மலைக்கு வந்தும் அந்தப் போனையேதான் பார்க்கணுமா?” என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. கழற்றிக் கொடுத்த பழைய சென்சாரை வீட்டில் கனெக்டரில் மாட்டிப் பார்த்தேன். அதுவும் 98. அந்த 2,400 ரூபாயைப் பற்றி இனிப் பேசிப் பயனில்லை.

அப்புறம் சத்துவாச்சாரியில் தெரிந்த மெக்கானிக் தம்பியிடம் போனேன். எண்களைக் காட்டியதும், “இன்னாண்ணா, ஏர் இழுக்குது, அவ்ளோதான்” என்றார். கார்புரேட்டர் கிளீனர் அடித்துத் தேடும் பழக்கம் சிலருக்கு உண்டு. சூடான சைலன்சர் பக்கத்தில் அது தீப்பிடிக்கும். இவர் ஒரு முழ நீள ரப்பர் டியூபை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டார், மறு முனையை மேனிஃபோல்டைச் சுற்றிக் கொண்டுபோனார். கேஸ்கெட் பக்கம் சத்தம் இல்லை. பிரேக் பூஸ்டர் ஹோஸ் பக்கமும் இல்லை. மேனிஃபோல்டுக்குப் பின்னால், எஞ்சினிலிருந்து ஆயில் ஆவியை உள்ளே கொண்டுவரும் பிசிவி ஹோஸ் வளையும் இடத்தில் நின்றுவிட்டார். மேலிருந்து பார்த்தால் அந்த ஹோஸ் புதிது போல இருந்தது. அடிப்பக்கம் விரல் நுழைத்துத் தடவினால் ஒரு அங்குல வெடிப்பு. துணியைச் சுற்றி அதை அவர் இறுக்கிப் பிடிக்க, என் போனில் 52 அப்படியே 35-க்கு இறங்கியது. எஞ்சின் சத்தமும் அடங்கியது. கையை எடுத்தார், ஏறியது. நாலைந்து முறை செய்து பார்த்தோம், சின்னப் பிள்ளைகள் மாதிரி.

காலையில் ரப்பர் விறைப்பாக இருக்கும்போது வெடிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சூடேறி இளகினால் வாயைத் திறக்கிறது. ஓடும்போது திராட்டில் வழியாக நிறையக் காற்று போவதால் இந்தக் கொஞ்சக் காற்று பெரிதாகத் தெரியாது. நிற்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும். பத்து வருஷ எஞ்சின் சூடும் வேலூர் வெயிலும் சேர்ந்தால் எந்த ரப்பர் தாங்கும்? ஹோஸ் 380, கூலி 300.

அதன் பிறகு ஒன்றரை வருஷத்தில் 16,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. பி 0106 திரும்பவில்லை. மாதம் ஒருமுறை சூடான ஐடிலில் மேனிஃபோல்டு அழுத்தத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கிறேன்.

ஸ்கேனரின் குறைகளையும் சொல்ல வேண்டும். செருகியபடியே விட்டு இரண்டு வாரம் ஊருக்குப் போனதில் பேட்டரி இறங்கிவிட்டது. போன் மாற்றும்போதெல்லாம் ப்ளூடூத் சேர மாட்டேன் என்று அடம் பிடிக்கும். எஞ்சின் தவிர மற்றது இதற்குத் தெரியாது. போன வாரம் பிரேக் சம்பந்தப்பட்ட ஏபிஎஸ் லைட் எரிந்தது. இதைச் செருகிப் பார்த்தேன், ‘கோடு எதுவும் இல்லை’ என்கிறது. லைட் இன்னும் எரிகிறது. வியாழக்கிழமை சத்துவாச்சாரிக்குப் போகிறேன்.