யாழ்ப்பாணத்தில் பால்மா கரைக்க எந்தத் தண்ணீர்?

கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க எது நல்லது என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் உடனே வரும் பதில் 'கொதித்தாறிய நீர்'. கிருமிக்கு அது சரி. பசளையிலிருந்தும் கழிவிலிருந்தும் கிணற்று நீரில் கரைந்து வரும் நைத்திரேற்று என்ற உப்புக்குச் சரிவராது. கொதிக்கும்போது தண்ணீர்தான் ஆவியாகிப் போகும், நைத்திரேற்று கேத்தலுக்குள்ளேயே நிற்கும். நெடுநேரம் கொதித்தால் செறிவு கூடும். குளோரினும் சாதாரண வடிகட்டியும் இதற்கு உதவாது.

யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதித் தோட்டக் கிணறுகள் பலவற்றில் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பான லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேலேயே நைத்திரேற்று இருக்கிறது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட பசளை, மலசலகூடக் குழிக் கழிவு எல்லாம் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளூடாகக் கிணற்றுக்குப் போகின்றன. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் உடலில் இது நைத்திரைற்றாக மாறி, இரத்தத்தின் ஒட்சிசன் சுமக்கும் திறனைக் கெடுக்கும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். அமெரிக்காவின் அயோவாவில் கிணற்று நீரில் கரைத்த பால் குடித்த குழந்தைகளுக்கு இப்படி ஆனதை மருத்துவர் ஹன்டர் கொம்லி 1945இலேயே எழுதிவிட்டார்.

தண்ணீரை நுண்ணிய சவ்வு வழியாக அழுத்தி வடிக்கும் ஆர்.ஓ. மெஷின் நைத்திரேற்றில் பெரும்பகுதியை எடுத்துவிடும், உண்மை. ஆனால் எங்கள் வன்தண்ணீருக்கு அதன் சவ்வு சீக்கிரம் அடைபடும். அடைபட்டதைத் தண்ணீரின் ருசி காட்டிக்கொடுக்காது. அது வெளியே தள்ளும் கழிவு நீர் எங்கே போகிறது? நைத்திரேற்று இன்னும் செறிந்து, முற்றத்து மண் வழியாக அதே கிணற்றுக்கு.

என்னைக் கேட்டால் மழைநீர்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் 5,000 லீற்றர் தாங்கி தாராளமாக நிரம்பும். குடிக்க மட்டும் நாளுக்கு 15 லீற்றர் எடுத்தால் 11 மாதம் வரும். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிடுங்கள். பிறகு பிடித்ததைக் கொதிக்கவைத்தே கொடுக்க வேண்டும். தாங்கிக்குக் காசு வேண்டும் என்பதுதான் இதிலுள்ள சங்கடம்.

போத்தல் தண்ணீர் அவசரத்துக்கு மட்டும். 2024இல் திறந்த தாளையடி நிலையம் கடல்நீரின் உப்பை அகற்றித் தரும் குடிநீர் உங்கள் வீட்டுக் குழாய்க்கு வருகிறதென்றால் அதையே எடுங்கள். குழாயில் வருவதாலேயே நல்ல தண்ணீர் ஆகிவிடாது, கிணற்றிலிருந்து ஏற்றி அனுப்பும் குழாய் நீரும் உண்டு. தாய்ப்பால் கொடுக்க முடிந்தால் இந்த அலசலே வேண்டாம், நைத்திரேற்று பாலுக்குள் அதிகம் போவதில்லை.

கிணற்று நீரைச் சோதிக்கக் கொடுத்தால் அறிக்கையில் அலகைப் பாருங்கள். 'நைத்திரேற்று-நைத்திரசன்' என்று போட்டிருந்தால் அந்த எண்ணை 4.4ஆல் பெருக்கிய பிறகே 50உடன் ஒப்பிட வேண்டும். அதில் 12 என்றிருந்தாலே வரம்பு தாண்டிவிட்டது.