லேபரா, சதுர அடியா, அளவு ரேட்டா? டெல்டாவில் வீட்டு ஒப்பந்தம் போடும் முன்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் வீடு கட்ட வேலையை மூன்று விதமாக விடுகிறார்கள். பொருளை நாமே வாங்கிக் கொடுத்துக் கூலியை மட்டும் மேஸ்திரியிடம் பேசுவது லேபர் கான்ட்ராக்ட். பொருளோடு சேர்த்துச் சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாக விடுவது இரண்டாவது, சதுர அடி ரேட். வானம் (கடைக்கால், அதாவது அஸ்திவாரக் குழி) தோண்ட, கான்கிரீட் போட, சுவர் எழுப்ப, பூச என ஒவ்வொன்றுக்கும் தனி ரேட் வைத்து, முடிந்த வேலையை அளந்து பணம் கொடுப்பது மூன்றாவது, அளவு ரேட். எங்கள் தீர்ப்பு இதுதான்: பேஸ்மட்டம் (வீட்டுத் தரைக்குக் கீழே எழுப்பும் மேடை) வரை அளவு ரேட், அதற்கு மேலே சதுர அடி ரேட். வீடு முழுவதையும் ஒரே முறையில் விடாதீர்கள்.

காரணம் மண். ஆற்றோரம் மணல் வரும். நாலு மனை தள்ளித் தோண்டினால் களிமண் வரும். வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போதும் ஐப்பசி, கார்த்திகையிலும் குழியில் ஊற்று கண்டுவிடும். சதுர அடி ஒப்பந்தத்தில் பெரும்பாலும் "கடைக்கால் 5 அடி" என்று எழுதியிருக்கும். 5 அடியில் கெட்டி மண் கிடைக்காவிட்டால் அங்கேயே தகராறு தொடங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 பில்லர், ஒவ்வொரு குழியும் 5-க்கு 5 அடி. கூடுதலாக 2 அடி இறங்கினால் தோண்டும் மண் 1,000 கன அடி, அதாவது 10 யூனிட். 9-க்கு 12 அங்குல பில்லர் 2 அடி நீள்வதற்கு 30 கன அடி கான்கிரீட், சிமென்ட் ஏறக்குறைய 7 மூட்டை. பில்லருக்கு 12 மி.மீ. கம்பி ஆறும் 8 மி.மீ. ரிங்கும் என்றால் 20 பில்லருக்கும் சேர்த்து ஏறக்குறைய 95 கிலோ இரும்பு. குழியை மூட மண், தண்ணீர் இறைக்க மோட்டார் வாடகை இவை தனி. மொத்த ரேட்டில் விட்டிருந்தால் இந்தச் செலவைத் தவிர்க்க ஒப்பந்தக்காரர் 5 அடியிலேயே நிறுத்தப் பார்ப்பார். அளவு ரேட் என்றால் ஆழமாகப் போவதில் அவருக்கு நஷ்டமில்லை. எங்கே நிறுத்துவது என்பதை இன்ஜினியர் மண்ணைப் பார்த்துச் சொல்லலாம். கான்கிரீட் போட்டபின் ஆழத்தை யாராலும் நிரூபிக்க முடியாது. ஆகவே போடும் முன்பே டேப்பை வைத்துப் படம் எடுத்து, நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

பேஸ்மட்டத்தின் உயரமும் அப்படித்தான். நஞ்சையாக இருந்து மனையான இடம் ரோட்டைவிட 2 அடி பள்ளமாக இருக்கும். "பேஸ்மட்டம் 3 அடி" என்று மட்டும் எழுதினால் ஒப்பந்தக்காரர் மனைத் தரையிலிருந்து அளப்பார். ரோட்டுக்கு மேலே ஒரே அடிதான் மிஞ்சும். அடுத்த முறை ரோடு உயர்ந்தால் மழைத்தண்ணீர் வாசலுக்கு வரும். "முன் ரோட்டின் நடு மட்டத்திலிருந்து 3 அடி" என்று எழுதுங்கள். 1,000 சதுர அடி வீட்டுக்கு அந்த 2 அடி வித்தியாசம் 20 யூனிட் நிரப்பு மண். தண்ணீர் விட்டுத் திமிசுக் கட்டையால் இடித்தால் அமுங்குவதால் லாரிக் கணக்கில் இன்னும் கூடும்.

பேஸ்மட்டத்துக்கு மேலே அளவுகள் வரைபடத்திலேயே தெரிந்துவிடும் என்பதால் சதுர அடி ரேட் வசதி. ஆனால் எந்தச் சதுர அடி? போர்டிகோ, பால்கனி, மாடிப்படி முழு ரேட்டா பாதி ரேட்டா, சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க், கைப்பிடிச் சுவர், காம்பவுண்டு உள்ளே வருமா வெளியேயா என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். டைல்ஸுக்குச் சதுர அடி விலை, கதவுக்கு மரத்தின் பெயர், கம்பிக்கும் சிமென்டுக்கும் அன்றைய விலை இவையும் வேண்டும். விலை 5 சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ வித்தியாசம் யாருடையது என்ற வரி இல்லாத ஒப்பந்தங்களில்தான் லிண்டலோடு (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை) வேலை நிற்கிறது.

தவணையில் ஏமாறுவோர் அதிகம். ரூஃப் போட்டவுடன் 80 சதவீதம் கைமாறிவிட்டால், பூச்சு, டைல்ஸ், வயரிங், பெயிண்ட் என்ற நீண்ட வேலைக்கு ஒப்பந்தக்காரரை இழுத்து வைக்கப் பணம் இருக்காது. பேஸ்மட்டத்தைத் தனியாக அளந்து கொடுத்தபின் மீதிக்கு எங்கள் கணக்கு: அட்வான்ஸ் 10, லிண்டல் 20, ரூஃப் 25, பூச்சு 15, டைல்ஸும் பிளம்பிங்கும் வயரிங்கும் 15, பெயிண்ட் 10. கடைசி 5 சதவீதத்தை ஒரு வடகிழக்குப் பருவமழை கழியும்வரை பிடித்து வையுங்கள். ஒழுகலும் சுவரில் ஏறும் ஈரமும் அப்போதுதான் வெளியே தெரியும்.

லேபர் கான்ட்ராக்ட் தினமும் இடத்தில் நிற்க ஆள் இருப்பவர்களுக்கு மட்டும். பொருளின் தரம் நம் கையில் இருக்கும். சேதாரமும் நம் தலையில்தான். மழைக்காலத்தில் சிமென்டைப் பலகை மேல், சுவரைத் தொடாமல் அடுக்காவிட்டால் கட்டி பிடித்துவிடும். கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் சென்ட்ரிங் தகடும் முட்டும் யாருடையது, நடவு, அறுப்புக்குச் சித்தாள்கள் போய்விட்டால் என்ன ஏற்பாடு என்பதையும் முன்பே பேசுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் கடலோரம் நிலத்தடி நீர் உப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. லாரித் தண்ணீர் யார் செலவு என்பதும் ஒப்பந்தத்தில் வர வேண்டும்.

லேபரிலும் அளவு ரேட்டிலும் பூச்சு அளக்கும்போது கதவு, ஜன்னல் இடத்தை அளவிலிருந்து கழிப்பதில் சண்டை வரும். மேஸ்திரி எதையும் கழிக்க மாட்டார். வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் கழிப்பார். கட்டட வேலையை அளப்பதற்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1200 இதற்கு வழி சொல்கிறது: அரைச் சதுர மீட்டர் வரை கழிவில்லை, அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை ஒரு பக்கம் மட்டும் கழிவு, ஓரப் பூச்சுக்குத் தனிக் கூலி இல்லை. 3-க்கு 7 அடி கதவு ஏறக்குறைய 2 சதுர மீட்டர், ஆகவே ஒரு பக்கக் கழிவு. "அளவு ஐ.எஸ். 1200 படி" என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்த்தால் போதும்.