மானுக்கும் கருங்கரடிக்கும் ஒரே ரிவால்வர்: விரியும் முனையா, வார்ப்பு ஈயமா?

வர்ஜீனியாவின் மேற்கு மலைகளில் இலையுதிர்காலத்தில் வெண்வால் மானும் கருங்கரடியும் ஒரே ஓக் காட்டுக்கு, ஒரே ஓக் கொட்டைகளைத் தேடி வருகின்றன. இரண்டுக்குமான வேட்டைப் பருவங்கள் ஒன்றுசேரும் நாட்களில், இரண்டு உரிமங்களையும் வைத்திருப்பவர் எது முதலில் எதிர்ப்படும் என்று தெரியாமலேயே துப்பாக்கியில் தோட்டாவை நிரப்பியாக வேண்டும். .44 மேக்னம் என்ற தோட்டாவைச் சுடும் ரிவால்வருடன் போகும் எனக்கு இந்தத் தேர்வைத் தவிர்க்க வழியில்லை. ஒரு பக்கம், ஹார்னடி நிறுவனத்தின் எக்ஸ்டிபி வகையைச் சேர்ந்த 240 கிரெயின் (குண்டின் எடையைக் குறிக்கும் சிறிய அளவு) ஹாலோ பாயிண்ட், அதாவது முனையில் குழியுள்ள குண்டு. மறுபக்கம், அகன்ற தட்டைமுனையுடன் வார்க்கப்பட்ட 300 கிரெயின் கடின ஈயக் குண்டு. நான் ஈயத்தைத் தேர்ந்தெடுத்தேன், இந்த அலசலும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

விவாதம் தேவைப்படாதவற்றை முதலில் ஒதுக்கிவிடலாம். குண்டு எதுவாக இருந்தாலும், நெஞ்சுக்கூட்டில் சரியான இடத்தில் படாவிட்டால் பயனில்லை. .357 மேக்னம் என்ற சிறிய தோட்டா அருகில் நிற்கும் மானுக்குப் போதும், கரடிக்கு நான் அதை நம்ப மாட்டேன். .454 கசூல், .460, .500 ஆகிய பெரிய தோட்டாக்களின் வலிமை தேவைக்கும் மேலானது. ஆனால் அவற்றின் உதைப்பைத் தாங்கிக்கொண்டு வாரந்தோறும் பயிற்சி செய்பவர்கள் குறைவு. முழுதும் உலோக உறையிட்ட உருண்டைமுனைக் குண்டைப் பல மாநிலங்கள் பெருவிலங்கு வேட்டைக்குத் தடை செய்திருக்கின்றன, தடை இல்லாத இடத்திலும் அதைப் பயன்படுத்தக் கூடாது. ஒற்றைத் தோட்டா நிரப்பி ரைஃபிள் குண்டைச் சுடும் நீள்குழல் கைத்துப்பாக்கிகளின் கணக்கே வேறு, அவற்றை இங்கே நான் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆற்றல் அட்டவணையும் இந்தத் தேர்வைத் தீர்த்துவைக்காது. 240 கிரெயின் குண்டு விநாடிக்கு 1,350 அடி வேகத்தில் புறப்பட்டால் ஏறக்குறைய 970 அடி-பவுண்டு ஆற்றலும், 300 கிரெயின் குண்டு 1,200 அடி வேகத்தில் புறப்பட்டால் 960 அடி-பவுண்டு ஆற்றலும் கிடைக்கும். பத்து அடி-பவுண்டு வித்தியாசத்தை எந்த விலங்கும் உணரப் போவதில்லை. அந்த ஆற்றலை ஒவ்வொரு குண்டும் உடலுக்குள் எப்படிச் செலவழிக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எக்ஸ்டிபி குண்டை நான் குறைத்து மதிப்பிடவில்லை. செம்பு உறைக்குள் இருக்கும் ஈயம், முனையில் உள்ள குழியின் உதவியால், திசுவில் பட்டதும் காளானைப் போல விரிகிறது. விரிவு கட்டுக்குள் இருப்பதால் மற்றப் பல ஹாலோ பாயிண்ட் குண்டுகளைப் போல இது எளிதில் சிதறுவதில்லை. மானின் விலா எலும்பு மெலிது, நெஞ்சுக்கூடும் அவ்வளவு அகலமில்லை. பக்கவாட்டில் நிற்கும் மானின் நுரையீரலில் பட்டால் பெரும்பாலும் மறுபக்கம் வெளியேறிவிடும், மானும் வெகுதூரம் ஓடாமல் விழுந்துவிடும். இந்தக் குண்டு எளிதில் கிடைக்கிறது, பெரும்பாலான துப்பாக்கிகளில் இலக்குத் தவறாமல் சுடுகிறது. என்னிடம் மான் உரிமம் மட்டும் இருந்தால் இதைத் தாண்டி வேறொன்றைத் தேட மாட்டேன்.

கரடி உரிமமும் பையில் இருக்கும்போதுதான் கணக்கு மாறுகிறது. அதற்கு முதன்மையான காரணம், குண்டு மறுபக்கம் வெளியேறுமா என்பது. மற்ற எல்லாக் காரணங்களையும் இதற்குப் பின்னால்தான் நான் வைக்கிறேன், ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அடிபட்ட கரடி நின்ற இடத்திலேயே விழுவது அரிது. நுரையீரல் இரண்டும் துளைபட்ட பிறகும் அது ஐம்பது, நூறு கஜம் ஓடிவிடும். அது ஓடிப் புகும் இடம் அப்பலாச்சிய மலைச்சரிவின் ரோடோடென்ட்ரான் புதர். ஆள் நிமிர்ந்து நடக்க முடியாமல், கிளைகளுக்கு அடியில் தவழ்ந்து போக வேண்டிய இடம் அது. மானின் குளம்பு உதிர்ந்த இலைகளைக் கிளறி மண்ணைக் கீறிவிட்டுப் போவதால், இரத்தம் இல்லாவிட்டாலும் தடம் பிடித்துப் போக முடியும். கரடியின் பாதமோ மெத்தென்றது, காய்ந்த இலைகளின் மேல் அதன் சுவடே தெரியாது. எனவே அதைக் கண்டுபிடிக்க இரத்தத் தடம் ஒன்றுதான் வழி.

அந்தத் தடத்தையும் கரடியின் உடலே மறைத்துவிடுகிறது. குளிர்கால உறக்கத்துக்காக இலையுதிர்காலத்தில் சேர்த்து வைத்த கொழுப்பு, தோலுக்கு அடியில் தடித்த அடுக்காக இருக்கும். குண்டு நுழைந்த துளைக்குள் அந்தக் கொழுப்பு நகர்ந்துவந்து அதை அடைத்துவிடும். கசிகிற கொஞ்ச இரத்தத்தையும் நீண்ட அடர்ந்த ரோமம் உறிஞ்சிக்கொள்ளும். நுழைதுளை ஒன்று மட்டும் இருந்து, அதுவும் உடலின் மேற்பகுதியில் இருந்தால், இரத்தம் உள்ளேயே தேங்கித் தரையில் ஒரு சொட்டும் விழாமல் போகலாம். மறுபக்கத்தில், அதுவும் தாழ்வாக, இரண்டாவது துளை இருந்தால்தான் இலைகளின் மேல் சிவப்பைப் பார்க்க முடியும். தேடி எடுக்க முடியாமல் ஒரு கரடியைக் காட்டில் விட்டுவருவது, என்னைப் பொறுத்தவரை, வேட்டையில் நேரக்கூடிய மிக மோசமான விளைவு.

விரியும் குண்டு தடுமாறுவது இந்த இடத்தில்தான். விட்டம் ஒன்றரை மடங்கானால் முகப்பின் பரப்பு இரண்டேகால் மடங்காகிறது. அந்த முகப்பை ரோமம், கொழுப்பு, தசை, தோள் எலும்பு என்று அடுக்கடுக்காகத் தள்ளிக்கொண்டு போக 240 கிரெயின் எடைதான் பின்னால் இருக்கிறது. ரைஃபிளாக இருந்தால் வேகம் அந்தக் குறையை ஈடுகட்டும். கைத்துப்பாக்கியில் அப்படி ஈடுகட்டும் வேகம் இல்லை. பக்கவாட்டில் தெளிவாக நிற்கும் நடுத்தரக் கரடியின் உடலைத் துளைத்து வெளியேறக்கூடும், ஆனால் சாய்வாக நிற்கும் பெரிய ஆண் கரடியிடம் மறுபக்கத் தோலுக்கு அடியிலேயே நின்றுவிடும் வாய்ப்பு அதிகம். வேட்டை நாய்களுடன் போகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூடுகிறது. வர்ஜீனியாவில் நாய்களை விட்டுக் கரடியை மரத்தில் ஏற்றும் மரபு பழையது, மலையேறி ஓட வேண்டியிருப்பதால் அவர்களில் பலர் ரிவால்வரைத்தான் எடுத்துச் செல்கிறார்கள். அங்கே கீழிருந்து செங்குத்தாகச் சுட வேண்டிவரும், குண்டு உடலின் நீளவாட்டில் வெகுதூரம் பயணப்பட வேண்டும். காயத்தோடு உயிருடன் கீழே விழும் கரடி, காத்திருக்கும் நாய்களின் நடுவில்தான் விழுகிறது.

கடின ஈயக் குண்டு விரிவதில்லை, விரிவதற்காக அது வார்க்கப்படவும் இல்லை. குண்டின் விட்டத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு அகலமுள்ள தட்டைமுனை, திசுவை உருண்டைமுனையைப் போல விலக்கிவிட்டு நழுவாமல், நசுக்கி வெட்டிக்கொண்டு நேராகப் போகிறது. ஒரே விட்டத்தில் எடை கூடுவதால் குறுக்குவெட்டு அடர்த்தி (எடையை விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்த அளவு) 0.185இலிருந்து 0.232 ஆக உயர்கிறது, முகப்பும் வளர்வதில்லை. எனவே ஊடுருவல் பல அங்குலம் கூடுகிறது. ஆனால் கடினம் என்ற சொல்லை மட்டும் பார்த்து வாங்கிவிடக் கூடாது. ஆண்டிமனி மிகுந்த, அச்சுக்கூட லைனோடைப் போன்ற கலவை, பெரிய எலும்பில் பட்டால் உடைந்து போகக்கூடும். தொண்ணூறு பங்கு ஈயம், ஐந்து பங்கு வெள்ளீயம், ஐந்து பங்கு ஆண்டிமனி என்ற பழைய லைமன் இரண்டாம் எண் கலவை கடினத்தை அளக்கும் பிரினெல் அளவில் 15 அளவுக்குக் கடினமானது. உடையாமல் வளைந்துகொடுக்கும் அந்த அளவுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

இதே குண்டு மானுக்கு எப்படி என்று கேட்டால், எக்ஸ்டிபி அளவுக்கு விரைவாக விழுத்தாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தோளுக்குப் பின்னால் மென்மையான நுரையீரலை மட்டும் துளைத்தால் மான் இன்னும் கொஞ்சம் தூரம் ஓடும். அதனால் நான் சற்று முன்னால், தோள் எலும்பின் மேல் குறி வைக்கிறேன். இரண்டு துளைகளும் ஒழுகுவதால் தடம் பிடிப்பது எளிது, துளையைச் சுற்றி இரத்தம் கட்டி வீணாகும் இறைச்சியும் குறைவு. ஐம்பது கஜத்துக்கு மேல் இந்தக் குண்டின் வேலையைப் பற்றி என் அனுபவம் மெல்லியது. அதற்கு மேல் நான் சுடுவதும் இல்லை.

இந்த இரண்டுக்கும் நடுவிலும் சில தேர்வுகள் உண்டு. 300 கிரெயின் எக்ஸ்டிபி ஒரு நல்ல சமரசம். ஈயம் வார்க்கவோ வாங்கவோ விரும்பாத நண்பருக்கு அதைத்தான் சொல்வேன். உறையோடு ஈயம் பிணைக்கப்பட்டு, நடுவே செம்புத் தடுப்பும் உள்ள ஸ்விஃப்ட் ஏ-ஃபிரேம் விரிந்த பின்னும் எடையை இழப்பதில்லை, விலைதான் பயிற்சிக்கு ஒத்துவராது. பார்ன்ஸ் நிறுவனத்தின் முழுச் செம்புக் குண்டைக் காகித இலக்கில் மட்டுமே சுட்டிருக்கிறேன் என்பதால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் கலிஃபோர்னியாவில் இருப்பவருக்கு அதுதான் வழி. அங்கே 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. கொலராடோ போன்ற மாநிலங்கள் கைத்துப்பாக்கிக்கு விரியும் குண்டையே கட்டாயமாக்கியிருப்பதால், அங்கேயும் என் தேர்வு செல்லாது.

மானுக்கு ஒன்று, கரடிக்கு ஒன்று என்று இரண்டையும் எடுத்துப் போனால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். ரிவால்வரில் கனமான, மெதுவான குண்டு குழலை விட்டு வெளியேறக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறது. அதற்குள் உதைப்பு குழலை உயர்த்திவிடுவதால் அது இலக்கில் மேலே படும். இரண்டுக்கும் பொதுவாகக் குறிக்கருவியைச் சரிசெய்ய முடியாது, காட்டில் நின்றபடி திருகிக்கொண்டிருக்கவும் முடியாது.

ஈயத்தைத் தேர்ந்தெடுப்பவர் கவனிக்க வேண்டிய பராமரிப்பு இரண்டு. தோட்டாக்கள் அமர்ந்து சுழலும் சிலிண்டரில், ஒவ்வோர் அறையின் வாயைவிடக் குண்டு சிறியதாக இருந்தால் சூடான வாயு பக்கவாட்டில் கசிந்து, ஈயத்தை உருக்கிக் குழலில் பூசிவிடும். ஆகவே வாயின் அளவை அளந்து, அதற்கு ஈடான விட்டத்தில் குண்டை வாங்க வேண்டும். அடுத்தது, கனமான குண்டின் உதைப்பில், சுடப்படாமல் காத்திருக்கும் தோட்டாக்களின் குண்டுகள், அவற்றைப் பிடித்திருக்கும் உறைக்கூட்டிலிருந்து மெல்ல முன்னால் நழுவும். அவற்றில் ஒன்று சிலிண்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டால் சிலிண்டர் சுழலாது, இரண்டாவது வேட்டு இல்லை. பருவத்துக்கு முன் ஆறு தோட்டாக்களை நிரப்பி ஐந்தைச் சுட்டு, ஆறாவதன் நீளத்தைக் காலிப்பரால் முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். நீளம் கூடியிருந்தால் உறைக்கூட்டின் வாயில் குண்டைப் பிடித்திருக்கும் மடிப்பை இன்னும் இறுக்க வேண்டும், அல்லது வேறு தயாரிப்பை வாங்க வேண்டும்.