சிங்கப்பூரா, ஜப்பானா? நெல்லைப் பக்கத்து பி.இ. பட்டதாரிக்கு என் கணக்கு

எங்கள் பக்கம் வெளிநாடு என்றால் முதலில் வளைகுடா, அடுத்தது சிங்கப்பூர். கடையநல்லூர், தென்காசி ஆட்கள் அங்கே வேர் விட்டுத் தலைமுறைகள் ஆகிவிட்டன. 1946லேயே சிங்கப்பூரில் உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளி தொடங்கியவர்கள் கடையநல்லூர்க்காரர்கள். அதனால் வள்ளியூரில் மெக்கானிக்கல் முடித்த ஒரு பையன் ஜப்பான் போகிறேன் என்றால், "ஏன்டே, சிங்கப்பூர்ல வேலையா இல்ல?" என்றுதான் கேட்பார்கள். என்னையும் கேட்டார்கள். நான் ஜப்பானைத்தான் எடுத்தேன். நகோயா பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனியில் டிசைன் வேலை. அக்கா வீட்டு அத்தான் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தார். சிங்கப்பூரைப் பற்றி நான் சொல்வதில் பெரும்பகுதி அவரிடம் கேட்டது, அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு, கோயில், பேச்சு: மூன்றிலும் சிங்கப்பூர்தான். தமிழ் அங்கே ஆட்சிமொழி, தீபாவளிக்கு அரசு விடுமுறை, தேக்கா சந்தையில் முருங்கைக்காய் கிடைக்கும், திருச்சியில் ஏறினால் நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் போய்ச் சேரலாம். ஊருக்குப் பணம் அனுப்புவதிலும் அதுதான் முந்தி. வரி குறைவு, வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நிலையாக நிற்கிறது. ஜப்பானின் யென்னோ 2024 ஜூலையில் ஒரு அமெரிக்க டாலருக்கு 161 வரை சரிந்தது. அந்த மாதங்களில் ஊருக்கு அனுப்பிய தொகையைப் பார்த்து அம்மாவே, "சம்பளத்தக் குறைச்சுட்டானுவளா?" என்று கேட்டாள். மூன்று வருடம் சம்பாதித்து வீடு கட்டிவிட்டுத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் என்றால் இதற்கு மேல் படிக்கத் தேவையில்லை. சிங்கப்பூர் போங்கள்.

என்னை ஜப்பான் பக்கம் சாய்த்தது ஒரே கேள்வி. வேலை போனால் என்ன ஆகும்?

சிங்கப்பூரில் உங்கள் பாஸ், அதாவது வேலை அனுமதி, கம்பெனியோடு கட்டப்பட்டது. ஒர்க் பெர்மிட்டோ, நடுத்தரத் திறனாளர்களுக்கான எஸ் பாஸோ, எடுத்ததும் கம்பெனி, ரத்து செய்வதும் கம்பெனி. எஸ் பாஸ் ரத்தானால் பொதுவாக 30 நாள் தங்க அனுமதி. அதற்குள் வேறு கம்பெனி புதிதாக விண்ணப்பித்து வாங்கித் தரவேண்டும், இல்லாவிட்டால் விமானம் ஏற வேண்டியதுதான். இதில் இன்னொன்றும் இருக்கிறது. எஸ் பாஸ் ஆள் ஒருவருக்குக் கம்பெனி மாதம் 650 வெள்ளி அரசுக்கு லெவி கட்டுகிறது, எத்தனை பேரை வைக்கலாம் என்பதற்கும் கோட்டா உண்டு. ஆர்டர் குறைந்தால் முதலில் யார் பெயரில் கோடு விழும் என்று நான் சொல்ல வேண்டாம். அத்தானுக்கு அதுதான் நடந்தது. ஒப்பந்தம் ஒன்று கைவிட்டுப் போனதும், திங்கட்கிழமை ஷிப்டுக்குப் போனவரைக் கூப்பிட்டுத் தாளை நீட்டினார்கள். புதிதாக வாங்கியிருந்த வாஷிங் மெஷினை அறையில் இருந்தவர்களுக்குப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு மாதம் முடிவதற்குள் ஊர் வந்து சேர்ந்தார்.

குடும்பத்தைக் கூட்டிப்போவதும் சம்பளத்தைப் பொறுத்தது. எஸ் பாஸின் ஆரம்பச் சம்பளமே 3,300 வெள்ளி. மனைவி, பிள்ளையை அழைக்க 6,000 வேண்டும். அதற்கு மேல்படியான எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்கு 5,600க்குக் குறையக் கூடாது, அதற்கு மேல் புள்ளிக் கணக்கும் பார்க்கிறார்கள். நம் ஊர்க் கல்லூரியில் பி.இ. முடித்து நேராகப் போகிறவனுக்கு இதெல்லாம் எட்டாக்கனி. 2021 மேயிலிருந்து, அங்கே கூடப் போன மனைவி வேலை பார்க்கவும் பொதுவாகத் தனிப் பாஸ் எடுக்க வேண்டும்.

ஜப்பானில் என்ஜினியர் விசா என் பெயரில் இருக்கிறது, கம்பெனி பெயரில் இல்லை. ஒரு வருடம், மூன்று, ஐந்து என்று தருவார்கள். ஸைர்யூ கார்டு என்ற குடியிருப்பு அட்டை எப்போதும் என் பர்ஸில்தான். நான் முதலில் சேர்ந்த கம்பெனி டிசைன் பிரிவையே மூடியது. செய்ய வேண்டியிருந்தது என்ன? 14 நாளுக்குள் இமிகிரேஷனுக்கு "வேலையை விட்டேன்" என்று ஒரு படிவம், வீட்டிலிருந்தே இணையத்தில் போட்டேன். மாதாமாதம் சம்பளத்தில் வேலையின்மைக் காப்பீட்டுக்குப் பிடித்திருந்தார்கள். ஹலோ வொர்க் என்ற அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தேன். கம்பெனியே அனுப்பியதால் ஏழு நாள் காத்திருப்பு, அதற்குப் பிறகு உதவித்தொகை கணக்கில் ஏற ஆரம்பித்தது. அங்கே வேலை பார்த்த ஒரு பெண்மணி கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டி, நாளுக்கு இவ்வளவு, இத்தனை நாள் என்று நிதானமாகச் சொன்னார். காரணமில்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் சும்மா இருந்தால் விசாவை ரத்து செய்ய இடமுண்டு. வேலை தேடிக்கொண்டிருந்தால் அதற்கு ஆதாரம் வைத்திருக்க வேண்டும். மனைவிக்கு அனுமதி வாங்கினால் வாரம் 28 மணி நேரம் வேலை பார்க்கலாம். அழைத்துவர இவ்வளவு சம்பளம் என்று விதியில் கோடு கிழித்து வைக்கவில்லை, குடும்பத்தை நடத்த முடியுமா என்று பார்க்கிறார்கள்.

ஆனால் இந்த உரிமைக்கு ஒரு விலை இருக்கிறது, அது ஜப்பானிய மொழி. கம்பெனி மாறலாம் என்று விசா சொல்லும்; பேசத் தெரியாதவனை எந்தக் கம்பெனி எடுக்கும்? ஜப்பானிய மொழித் தேர்வில் என்1 முதல் என்5 வரை ஐந்து நிலை, என்1தான் உச்சம்; அதில் என்2 தேறியிருந்ததால்தான் எனக்கு அடுத்த வேலை சீக்கிரம் அமைந்தது. என்4லேயே நின்றுவிட்ட இரண்டு நண்பர்கள் கார்டைக் கையில் வைத்துக்கொண்டே திண்டாடினார்கள். மொழி ஏறாது என்று நினைக்கிறவர்களுக்கு ஜப்பான் நான் எழுதுவதுபோல இனிக்காது.

வீடு பிடிப்பது தனிக் கூத்து. வெளிநாட்டவருக்குத் தரமாட்டோம் என்பதைத் தரகர் அவ்வளவு பணிவாகத் தலைகுனிந்து சொல்வார், கோபப்படக்கூடத் தோன்றாது. வாடகைக்கு ஜாமீன் நிற்கும் உத்தரவாதக் கம்பெனிக்குத் தனிக் கட்டணம். சம்பளத்தில் பிடித்தமும் அதிகம்: ஓய்வூதியத்துக்கு மட்டும் 9.15 சதவீதம். முதல் வருடம் வராத குடியிருப்பு வரி இரண்டாம் வருடம் ஜூனில் வந்து நிற்கும். முந்தைய ஆண்டு வருமானத்தில் சுமார் 10 சதவீதம். வேலை போனாலும் அதைக் கட்டத்தான் வேண்டும், கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். ஓய்வூதியப் பணத்தில் ஒரு பங்கை நாடு திரும்பிய பிறகு இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளலாம்.

ஐடிஐ, டிப்ளமா படித்தவர்களுக்கு மேலே சொன்னது அப்படியே பொருந்தாது. 2019இல் வந்த டோகுதெய் கினோ என்ற திறன் விசா அவர்களுக்கானது. இந்தியாவோடு 2021 ஜனவரியில் அதற்கு ஒப்பந்தம் போட்டார்கள். முதல் படியில் ஐந்து வருடம் வரைதான், குடும்பம் வர முடியாது, கம்பெனி மாற இமிகிரேஷன் அனுமதி வேண்டும். அந்த வழியில் ஜப்பானுக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள இடைவெளி வெகுவாகக் குறைந்துவிடுகிறது. முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகும் நர்சிங் பிள்ளைகள் நிறையப் பேர் கேட்கிறார்கள். அங்கே வேலை செய்கிறவர்களிடம் பேசிவிட்டு முடிவெடுப்பது நல்லது.

கிளம்புகிறவர்கள் ஏஜெண்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் என்4 எழுதிவிடுங்கள். ஜூலையிலும் டிசம்பரிலும் சென்னையில் தேர்வு உண்டு. இரவு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் எழும்பூர். பதிவு சில மாதம் முன்பே முடிந்துவிடும் என்பதால் டிசம்பர் தேர்வுக்கு ஆகஸ்டிலேயே விசாரிக்க ஆரம்பியுங்கள்.