டபிள்யூ124-ஆ, இ39-ஆ? சொந்தக் கையால் ரிப்பேர் செய்பவனுக்கு எந்தப் பழைய காடி

கெப்போங்கில் என் தரைவீட்டுப் போர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு ஜெர்மன் கிழங்கள் நிற்கும். ஒன்று என் 2001 பிஎம்டபிள்யூ 525ஐ, அதாவது இ39 வகை. இன்னொன்று மச்சானுடைய 1990 மெர்சிடிஸ் பென்ஸ் 230இ, டபிள்யூ124 வகை. அவன் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறான். அங்கே பார்க்கிங்கில் போனட்டைத் திறந்தாலே ஜாகா வந்து நின்றுவிடுவார். அதனால் அவனுக்கும் என் போர்ச்சுதான் பட்டறை. ஆறு வருடமாக இரண்டு காடியையும் மாற்றி மாற்றிப் பிரித்துப் பூட்டியதில் எனக்கு ஒரு முடிவு கிடைத்திருக்கிறது. மாமாக் கடை மேசையில் அதைச் சொன்னால் பாதிப் பேர் தே தாரேக்கைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்கு வருகிறார்கள்.

ஊர் வழக்கு இதுதான்: "பென்ஸ் வாங்கு, அது இரும்பு. பிஎம் எல்லாம் பிளாஸ்டிக்." முதல் பாதியை நான் மறுக்கவில்லை. டபிள்யூ124 இரும்புதான். ஆனால் ஸ்பேனரைத் தானே பிடிக்க நினைப்பவனுக்கு நான் காட்டுவது இ39. கைவசம் நல்ல பழைய ஃபோமன் ஒருவர் இருந்து, அவரிடமே விட்டுவிடப் போகிறவன் தாராளமாக பென்ஸ் வாங்கலாம்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். டபிள்யூ124 1984 கடைசியில் வந்து 90களின் நடுப்பகுதி வரை ஓடிய வடிவம். இ39 1995 முதல் 2003 வரை. இரண்டும் பிறந்த வருடத்துக்கு நடுவில் பத்து வருட இடைவெளி. மச்சானுடைய காடிக்கு என்ன நோய் என்று கண்டுபிடிக்கக் காதும் மூக்கும் வேண்டும். என்னுடையதற்கு ஒரு கேபிளும் பழைய லேப்டாப்பும் போதும். மற்ற வித்தியாசமெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

போனட்டைத் திறந்ததும்

இங்கே பென்ஸுக்குத்தான் முதல் மதிப்பெண், அதில் சந்தேகமே இல்லை. டபிள்யூ124 போனட்டுக்கு இரண்டாவது நிலை ஒன்று உண்டு. கீலில் இருக்கும் பூட்டை விடுவித்தால் வானத்தைப் பார்த்துச் செங்குத்தாக நிற்கும். தலை இடிக்காது, வெளிச்சம் நேராக விழும். நாலு சிலிண்டர் எம்102 இஞ்சினுக்கு இரண்டு பக்கமும் கை நுழைய இடம் இருக்கிறது. பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பெல்ட் எல்லாம் கண்ணுக்கு நேரே.

இ39-இல் ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நீளமாக ஓடிக் கண்ணாடிக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும். மேலே பிளாஸ்டிக் மூடிகள். ஸ்க்ரூ தலைகளில் பாதி டோர்க்ஸ். அந்த நட்சத்திர சாக்கெட் செட் இல்லாமல் தொடங்கியவர்கள் பத்து நிமிடத்தில் கடைக்கு ஓடுவார்கள். எண்ணெய் மாற்றுவது மட்டும் சொர்க்கம். ஃபில்ட்டர் மேலேயே நிற்கிறது, 36 மிமீ மூடியைத் திறந்தால் போதும். 6.5 லிட்டர் பிடிக்கும். வடித்த பழைய எண்ணெயை வாய்க்காலில் ஊற்றிவிடாதீர்கள். அது எஸ்டபிள்யூ305 என்று பட்டியலிடப்பட்ட கழிவு. நான் டின்னில் அடைத்துப் பக்கத்துத் தெருப் பட்டறைத் தவுக்கேயிடம் கொடுத்துவிடுகிறேன், அவருடைய பீப்பாயோடு அதுவும் போய்விடும்.

சூடு

இதில்தான் இ39 கெட்ட பேர் வாங்கியது, வாங்க வேண்டியதுதான். ரேடியேட்டரின் இரண்டு பக்கத் தொட்டியும் பிளாஸ்டிக். எக்ஸ்பான்ஷன் தொட்டி பிளாஸ்டிக். தெர்மோஸ்டாட் கூடு பிளாஸ்டிக். என் காடியில் இருக்கும் எம்54 இஞ்சினின் தெர்மோஸ்டாட்டே 97 டிகிரி கணக்கில் வேலை செய்கிறது. அதாவது தண்ணீர் எப்போதும் கொதிக்கிற சூட்டில், அழுத்தத்தோடு இருக்கிறது. மதியம் மூன்று மணிக்கு ஜாலான் கூச்சிங்கில் நகராமல் நிற்கும்போது அந்தப் பிளாஸ்டிக் என்ன பாடு படும் என்று நினைத்துப் பாருங்கள்.

நான் நினைத்துப் பார்க்கவில்லை. வாங்கிய முதல் வருடம் அதே சாலையில், மழைக்கு முந்தின புழுக்கத்தில், தொட்டி தையல் பிரிந்து வெடித்தது. போனட்டிலிருந்து வெள்ளைப் புகை. மகள் பின்சீட்டில் இருந்து, "அப்பா, காடி சாமி கும்பிடுதா?" என்றாள்.

வெடித்ததைவிட எனக்குக் கோபம் வந்தது மீட்டர் ஊசியின் மேல்தான். கடைசி நிமிடம் வரை நடுவில் நின்றது. இ39-இல் ஊசியை அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். தண்ணீரின் சூடு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் அது அசையாது. அது நடுவைத் தாண்டும்போது நமக்கு நேரமே மிச்சம் இருக்காது. டபிள்யூ124 ஊசி உண்மை பேசும். 40, 80, 120 என்று எண்களே போட்டிருக்கும், ஏறினால் ஏறும், காற்று பட்டால் இறங்கும். மச்சான் எம்ஆர்ஆர்2 நெரிசலில் ஊசி நூறை நெருங்கினால் ஏர்கோனை அடைத்துவிட்டு ஜன்னலை இறக்குவான். அவனுடைய காடி அவனுக்குச் சொல்லிவிட்டுத்தான் சாகும்.

இதுவரை கேட்டால் பென்ஸ்தான் சரி என்று தோன்றும். ஆனால் இ39-இன் சாவு தேதி தெரிந்த சாவு. எந்தப் பாகம் போகும், எந்த வரிசையில் போகும் என்பது அந்தக் காடி வைத்திருக்கும் எல்லோருக்கும் மனப்பாடம். ரேடியேட்டர், தொட்டி, தண்ணீர் பம்ப், தெர்மோஸ்டாட், இரண்டு குழாய், பெல்ட், பெல்ட் புல்லிகள். ஒரே சனிக்கிழமையில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் பல வருடம் அந்தப் பக்கமே போக வேண்டாம். வேலையும் போர்ச்சில் முடிகிற வேலை. விசிறியைப் பிடித்திருக்கும் 32 மிமீ நட்டு மட்டும் இடப்புரி. வழக்கம்போலத் திருப்பினால் இன்னும் இறுகும். பம்ப் நாலு 10 மிமீ நட்டில் நிற்கிறது. ஒட்டிக்கொண்டால் சுத்தியலை எடுக்காதீர்கள். அதன் உடம்பிலேயே இரண்டு மறை ஓட்டை இருக்கும், அதில் எம்6 போல்ட்டைச் சமமாக முறுக்கினால் தானே வெளியே வரும். கடைசியில் காற்று எடுக்கும் வேலை: சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, பிளாஸ்டிக் காற்றுத் திருகைத் திறந்து, குமிழி நிற்கும் வரை ஊற்ற வேண்டும். அந்தத் திருகை நான் ஒருமுறை வீராவேசமாக முறுக்கி உடைத்திருக்கிறேன். விரல் பலம் போதும்.

பொய் சொல்லும் ஊசிக்கும் மருந்து உண்டு. மீட்டர் பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஒரு மறைவான மெனு திறக்கும். சேஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களைக் கூட்டிப் பூட்டை எடுத்துவிட்டு ஏழாவது சோதனைக்குப் போனால் தண்ணீரின் சூடு டிகிரியில் தெரியும். காராக் மலை ஏறும்போது நான் பார்ப்பது அதைத்தான்.

ஒன்றே ஒன்று. சூடேறிவிட்டால் "இன்னும் கொஞ்சம், வீட்டுக்குப் போய்விடலாம்" என்று ஓட்டக் கூடாது. எம்54-இன் பிளாக் அலுமினியம். அதிகச் சூடு பட்டால் ஹெட் போல்ட் மறைகள் உருவிவிடும். அதன் பிறகு அது போர்ச்சு வேலையில்லை.

பெட்ரோல்

மச்சானுடைய 230இ-இல் இருப்பது போஷின் கேஇ-ஜெட்ரோனிக். பாதி இயந்திரம், பாதி மின்சாரம். காற்று ஒரு தட்டைத் தூக்கும், தட்டு ஒரு ஊசியைத் தூக்கும், ஊசி ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோலைப் பங்கு போடும். பார்க்க அழகு. சரியாக இருக்கும்போது பட்டு மாதிரி ஓடும். கெட்டால்?

போன வருடம் அவனுடைய காடி சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆகவில்லை. பெட்ரோல் பம்பா, அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் குடுவையா, பெட்ரோலைப் பங்கு போடும் டிஸ்ட்ரிபியூட்டரா, ஒழுகும் இஞ்செக்டரா? நாலும் ஒரே அறிகுறியைத்தான் காட்டும். பிரித்துச் சொல்ல அழுத்த மீட்டர் வேண்டும், ஐந்து பாருக்கு மேல் நிற்கும் பெட்ரோல் குழாயைத் திறக்கும் துணிச்சலும் வேண்டும். வீட்டில் பிள்ளைகள் நடமாடும் போர்ச்சில், சாமி விளக்கு எரியும் வாசலுக்கு ஆறடியில், நான் அதைச் செய்ய மாட்டேன். கடைசியில் சான் சோவ் லின் பக்கம் எழுபதை நெருங்கும் ஒரு சீன ஃபோமனிடம் கொண்டுபோனோம். அவர் மீட்டரை மாட்டிப் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். அவருடைய பட்டறையில் இளம் பையன்கள் யாரும் இல்லை என்பதையும் நான் கவனித்தேன்.

நியாயமாகச் சொன்னால், இந்த வகை பென்ஸில் ஒரு எளிய வெற்றியும் உண்டு. ஏபிஎஸ் விளக்கு எரிந்து, ஐடிலும் தள்ளாடினால் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரிக்குப் பின்னால் இருக்கும் ஓவிபி ரிலே, அதிக வோல்ட்டேஜிலிருந்து காக்கும் ரிலே. மண்டையில் ஃபியூஸ் இருக்கும். ஃபியூஸ் நன்றாக இருந்தும் கோளாறு நீடித்தால் உள்ளே ஈயப்பற்று விரிந்திருக்கலாம். மச்சானே சோல்டரிங் வைத்துச் சரிசெய்தான். அந்த வாரம் முழுவதும் அவனோடு பேச முடியவில்லை, அவ்வளவு கெத்து.

என் காடி கெட்டால் நான் செய்வது வேறு. போனட்டுக்குக் கீழே வட்டமான 20 பின் சாக்கெட். ஆன்லைனில் நூறு வெள்ளிக்குள் கிடைக்கும் கேபிள், ஓர் அடாப்டர், லேப்டாப். எந்த சிலிண்டர் எரியவில்லை, எந்த சென்சர் உளறுகிறது என்று எழுத்தில் வரும். அது சொல்வதை அப்படியே நம்பிப் பாகம் வாங்கினால் கை சுடும், அது உண்மை. கலவை லீன், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று அது சொன்னதற்கு எனக்குக் காரணமாக இருந்தது சென்சர் இல்லை, வெடித்த ஒரு ரப்பர் குழாய். ஆனாலும் எங்கே தேடுவது என்று தெரிகிறதே.

இங்கே ஒருவர் கேட்பார்: "பின்னால் வந்த எம்111 இஞ்சின் இ220 வாங்கினால்?" நல்ல கேள்வி. அதில் கேஇ தொல்லை கிடையாது. ஆனால் 1993-95 காலத்து வண்டிகளில் இஞ்சின் வயரிங்கின் உறை நாளடைவில் உதிர்ந்து செம்பு தெரியும். வயரிங்கைப் புதிதாக மாற்றிய ரசீதோடு ஒன்று கிடைத்தால் என் தீர்ப்பை நானே திருத்திக்கொள்வேன்.

ஏர்கோன்

கோலாலம்பூரில் ஏர்கோன் இல்லாத சொகுசுக் காடிக்கு வெறும் தோல் சீட்டுதான் மிச்சம். இ39-இல் வழக்கமாகப் போவது காற்று வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர். விசிறி தன் இஷ்டத்துக்கு ஏறி இறங்கும். சென்டர் கன்சோலின் பக்கவாட்டில் கையை விட்டு அரை மணியில் மாற்றிவிடலாம்.

டபிள்யூ124-இல் வழக்கமாகப் போவது கூலிங் காயில். அதை எடுக்க டேஷ்போர்டு முழுவதும் வெளியே வர வேண்டும். ஸ்டியரிங், மீட்டர், மரப்பட்டை, காய்ந்து போன வெக்கூம் குழாய்கள், முப்பது வருடப் பிளாஸ்டிக் கிளிப்கள். ஒவ்வொன்றும் "டக்" என்று உடையும்போது மச்சான் கண்ணை மூடிக்கொள்வான். எனக்கு இந்த ஒரு வேலையே போதும், கணக்கு இ39 பக்கம் சாய.

கீழே படுத்துச் செய்யும் வேலைகள்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இ39-இல் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் அலுமினியக் கைகள் போல்ட்டைக் கழற்றி மாட்டுகிற வேலை. பிரேக் போடும்போது ஸ்டியரிங் நடுங்கினால் அந்தக் கைகளில் ஒன்றான த்ரஸ்ட் ஆர்மின் ரப்பர் புஷ்ஷைப் பாருங்கள், கடைசி முறுக்கைக் காடி தரையில் நிற்கும் உயரத்தில் கொடுங்கள். டபிள்யூ124-இல் பால் ஜாயிண்ட்டை அழுத்தி ஏற்ற பிரஸ் வேண்டும், முன் ஸ்பிரிங்கை எடுக்கத் தனிக் கருவி வேண்டும். அது நழுவினால் ஆளைக் கொன்றுவிடும். கியர்பாக்ஸில் பென்ஸ் ஜெயிக்கிறது: டிப்ஸ்டிக் இருக்கிறது, டார்க் கன்வர்ட்டரிலேயே வடிக்கும் திருகு இருக்கிறது. இ39-க்கு டிப்ஸ்டிக் கிடையாது. எண்ணெய்ச் சூடு 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது, காடியை மட்டமாகத் தூக்கி, பக்கவாட்டுத் திருகு வழியாக அளவு பார்க்க வேண்டும். அதற்கு நான் லிஃப்ட் உள்ள பட்டறைக்குப் போகிறேன். எந்தக் காடியானாலும் வெறும் ஜேக்கை நம்பிக் கீழே படுக்காதீர்கள், ஸ்டாண்டு போடுங்கள்.

அலங்காரம்

பழைய ரிம் கடையில் ஆசைப்படுவதற்கு முன் ஒரு கணக்கு. இ39-க்கு ஐந்து நட்டு, 120 மிமீ வட்டம். மற்ற பல பிஎம்டபிள்யூவுக்கும் அதே. ஆனால் நடு ஓட்டை இ39-இல் 74.1 மிமீ, மற்றவற்றில் 72.6. நட்டு வட்டம் பொருந்துகிறதே என்று வாங்கினால் ஹப்பில் ஏறவே ஏறாது. நான் நாலு ரிம்மைத் திருப்பிக் கொடுத்து அசடு வழிந்தவன். பென்ஸின் 112 வட்டம் பழைய ஆவுடிக்கும் உண்டு, ஆனால் அங்கே நடு ஓட்டை சின்னது. கடையிலிருந்து வாங்கி மாட்டும் எச்ஐடி விளக்கு இரண்டுக்கும் வேண்டாம். எதிரே வருபவனுக்குக் கண் கூசும், ரோட் பிளாக்கில் சம்மனும் விழும். மங்கிய ஹெட்லாம்பைத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கினாலே பாதி வெளிச்சம் திரும்பிவிடும்.

பணம்

சாலை வரி: 2,494 சிசி இ39-க்கு வருடம் 874 வெள்ளி. 230இ-க்கு ஏறக்குறைய 680. இந்த இருநூறு வெள்ளி வித்தியாசத்தை வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டாம். பாகம் வாங்குவதில் நான் வைத்திருக்கும் பழக்கம்: தண்ணீரும் பிரேக்கும் தொடும் எதையும் பொட்டோங் கடையில், அதாவது வெட்டிப் பிரித்த பழைய காடிகளின் பாகம் விற்கும் கடையில், எடுப்பதில்லை. கதவு கைப்பிடி, மீட்டர், சீட் ஸ்விட்ச், கண்ணாடி என்றால் பொட்டோங் கடைதான். மற்றதற்கு லெம்ஃபோர்டர், பேர், ஹெல்லா மாதிரிக் கம்பெனிப் பெட்டிகள். ஆன்லைனில் அதே பெட்டி பாதி விலைக்கு வந்தால் பெட்டி மட்டும்தான் உண்மை. வெளிநாட்டிலிருந்து வரும் 500 வெள்ளிக்குட்பட்ட சாமானுக்கு 2024 முதல் பத்து விழுக்காடு வரி சேர்கிறது, அதையும் கூட்டிப் பாருங்கள்.

பார்க்கப் போகும்போது, இ39 என்றால் இஞ்சின் ஆறியிருக்கும்போதே போங்கள். தொட்டியின் தையலில் வெள்ளைப் படிவு இருக்கிறதா, ரேடியேட்டரில் தயாரிப்புத் தேதி என்ன என்று பாருங்கள். விற்பவர் நீங்கள் வருமுன்னே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். டபிள்யூ124 என்றால் முதலில் ஏர்கோனைப் போட்டுக் கால்மணி நேரம் உட்காருங்கள், அப்புறம் சூட்டோடு இஞ்சினை அடைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டும் தேறினால் மற்றதெல்லாம் சில்லறை.

இதை எழுதும்போது என் காடி வெளியே தெருவில் நிற்கிறது. போர்ச்சில் மச்சானுடைய பென்ஸ், டேஷ்போர்டு இல்லாமல், மூன்றாவது வாரமாக. கிளிப்கள் எல்லாம் மைலோ டின்னில் இருக்கின்றன. நேற்றுப் போன் செய்து, "விக்கலாமாடா?" என்று கேட்டான். நான் பதில் சொல்லுமுன்னே, "சும்மா கேட்டேன்டா" என்று வைத்துவிட்டான்.