வாய்க்கால் மேட்டில் பத்து மாதங்கள்: ஒரு கிராவல் சைக்கிளின் மதிப்பீடு

சென்ற சித்திரையில் கிராவல் சைக்கிள் (சரளையிலும் மண் பாதையிலும் ஓட்டுவதற்கான அகல டயர் சைக்கிள்) வாங்கியபோது எனக்கு வயது 46, எடை 91 கிலோ. அதற்கு முந்தைய வாரம் எடுத்த பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (எச்பிஏ1சி) 6.2 சதவீதம் என்று வந்திருந்தது. 5.7-ஐ எட்டினால் எச்சரிக்கை, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய் என்று விளக்கிய மருத்துவர், மாத்திரை எதுவும் எழுதாமல், உடம்பை அசைக்கும்படி சொல்லி அனுப்பினார். கல்லூரி நாட்களில் தினமும் இருபது கிலோமீட்டர் மிதித்தவன் நான். கடையில் உட்கார்ந்து கணக்கெழுதிய பதினெட்டு ஆண்டுகளில் அந்த உடம்பு எங்கோ போய்விட்டிருந்தது. அதைத் திரும்பப் பெறுவதற்கு இந்த சைக்கிள் எவ்வளவு உதவியது, எங்கே உதவவில்லை என்பதை, பாலக்காட்டின் கிழக்கு எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் வட்டாரத்து மண்ணில் பத்து மாதங்கள் ஓட்டிப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

நிறுவனத்தின் பெயரைவிட அளவுகளே வாங்குபவருக்குப் பயன்படும் என்பதால் அவற்றைத் தருகிறேன். அலுமினியச் சட்டம், கார்பன் போர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை), கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக், முன்னால் 40 பல் கொண்ட ஒற்றைப் பல்சக்கரம், பின்னால் 11 பல் முதல் 42 பல் வரை பத்துப் பல்சக்கரங்கள், 38 மில்லிமீட்டர் அகல டயர்கள். விலை 68,000 ரூபாய்.

இந்த வகை சைக்கிள் அமெரிக்க நடுமேற்கின் பண்ணைச் சாலைகளில் உருவெடுத்தது. கான்சஸ் மாநிலத்தின் எம்போரியாவில் 2006-இல் தொடங்கிய நெடுந்தூரப் பந்தயம் அதற்குப் பெரிய ஊக்கமளித்தது. ஷிமானோ நிறுவனம் இதற்கென்றே ஜி.ஆர்.எக்ஸ் என்ற கியர் தொகுப்பை 2019-இல் கொண்டுவந்தது. முதல் உலகச் சாம்பியன் போட்டி 2022-இல் இத்தாலியில் நடந்தது. கான்சஸில் சரளைச் சாலை என்றால் நமக்கு வாய்க்கால் மேடு. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி (1970-இல் கையெழுத்தானது) ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவைத் தாண்டிக் கேரளத்துக்கு வருகிறது. அதை மூலத்தரைத் தடுப்பணையிலிருந்து பிரித்துக்கொண்டு போகும் கால்வாய்களின் கரைகளில் டிராக்டர் தடமும் மாட்டுவண்டித் தடமும் உண்டு. லாரியும் பேருந்தும் கிடையாது. பல ஆண்டுகள் சைக்கிளைத் தொடாத ஒருவர் பொள்ளாச்சி நெடுஞ்சாலையில் மீண்டும் தொடங்கினால், இரண்டாம் நாளே பயந்து நிறுத்திவிடுவார். நான் நிறுத்தாமல் இருந்ததற்கு முதல் காரணம் இந்தப் பாதை. சைக்கிளின் முதல் சிறப்பு, இந்தப் பாதையில் ஓட்ட முடிவது.

டயர் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வகை சைக்கிளில் பாதிக் குணம் அதில்தான் இருக்கிறது. விற்ற கடையில் 60 பி.எஸ்.ஐ. காற்று அடித்துக் கொடுத்தார்கள். அந்த அழுத்தத்தில் கால்வாய்க் கரையின் ஒவ்வொரு கூழாங்கல்லும் மணிக்கட்டில் வந்து இடித்தது. ஒரு வாரத்தில் இரு கைகளின் சுண்டுவிரல்களும் மரத்துப்போயின. பின்சக்கரத்தை 45-க்கும் முன்சக்கரத்தை 40-க்கும் இறக்கிய பிறகு, அதே கரையில் ஒரு மணி நேரம் ஓட்டியும் கை வலிக்கவில்லை. ஆனால் முள் பிரச்சினை அப்படியே இருந்தது. முதல் ஆறு வாரங்களில் ஏழு பஞ்சர். ஒரு மாலை திண்ணையில் உட்கார்ந்து டயரைக் கழற்றி, என் பாட்டியின் பழைய முள்வாங்கியால் நெருஞ்சி முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஒரே டயரில் பதினொன்று கிடைத்தன. எங்கள் ஊரில் நாற்பது ஆண்டுகளாகப் பஞ்சர் ஒட்டும் பெரியவர் அவற்றைப் பார்த்துவிட்டு, "இந்த ஊர் முள்ளுக்கு டியூப்பு கட்டுபடியாகாதுங்க தம்பி, வேற வழி பாருங்க" என்றார். பிறகு 40 மில்லிமீட்டர் டியூப்லெஸ் டயருக்கு மாறி, துளையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவத்தை உள்ளே ஊற்றினேன். அதன்பின் எட்டு மாதங்களில் வழியில் நிற்க நேர்ந்தது ஒரே ஒரு முறை, அதுவும் கண்ணாடிச் சில்லால். எங்கள் வெயிலில் திரவம் சீக்கிரம் வற்றிவிடுவதால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து நிரப்ப வேண்டியிருக்கிறது. வாங்கும் அன்றே இந்த மாற்றத்துக்கான செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்வது நல்லது.

கியர் விஷயத்தில் தயாரிப்பாளர்கள் யாரை மனத்தில் வைத்துச் செய்தார்கள் என்று எனக்கு வருத்தம் உண்டு. முன்னால் 40, பின்னால் 42 என்ற மிக இலகுவான கியரில், பெடல் ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் ஏறக்குறைய 2.1 மீட்டர் நகர்கிறது. பயிற்சி உள்ளவருக்கு அது போதும். 91 கிலோ உடம்போடு, மூச்சு வாங்கிக்கொண்டு ஓர் ஓடை இறக்கத்திலிருந்து மேடேறுபவருக்கு அது போதாது. பாதியில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும், அப்படித் தள்ளும் ஒவ்வொரு முறையும் மனம் சோர்ந்துவிடும். இரண்டாம் மாதம் முன் பல்சக்கரத்தை 36 பல்லுக்கு மாற்றி, செயினில் ஒரு ஜோடிக் கண்ணியைக் கழற்றினேன். இப்போது ஒரு சுற்றுக்குச் சுமார் 1.9 மீட்டர். காகிதத்தில் சிறிய வேறுபாடுதான். தொடையில் அது பெரிய வேறுபாடு. சமதளத்தில் வேகம் கொஞ்சம் குறைந்ததை நான் ஒரு நாளும் பொருட்படுத்தியதில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் கடையிலேயே சிறிய பல்சக்கரம் கேட்டு வாங்க வேண்டும்.

வளைந்த ஹேண்டில்பார் பந்தயக்காரர்களுக்கு மட்டுமே என்று எண்ணியிருந்தேன். பாலக்காட்டுக் கணவாயில் வாழ்பவர்களுக்கு அது தேவைதான் என்பதை ஆடிக்காற்று கற்றுக்கொடுத்தது. மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்றில் சித்தூர்ப் பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்து மிதித்தால் மணிக்கு பத்து கிலோமீட்டர்கூடத் தேறாது. கைப்பிடியின் கீழ் வளைவைப் பிடித்துக் குனிந்தால் பதின்மூன்று பதினான்கு வருகிறது. மார்கழியில் காற்று கிழக்கிலிருந்து வீசும், அப்போது அதே பாதையில் வீட்டுக்குத் திரும்பும் வழிதான் கடினம். ஆகவே காலையில் கிளம்பும்போது எதிர்க்காற்றில் போய், களைத்தபின் காற்று தள்ள வீடு வருமாறு பருவத்துக்கேற்பத் திசையைத் தேர்ந்தெடுக்கிறேன்.

மழைக்காலம்தான் இந்த சைக்கிளின் பலவீனத்தைக் காட்டியது. கேரளத்தில் கரிசல் மண் உள்ள இடம் எங்கள் சித்தூர் வட்டம். ஐப்பசி மழை விட்ட மறுநாள், ஒரு கடலைக்காட்டு ஓரமாக அரை கிலோமீட்டர் போவதற்குள் சக்கரம் சுற்ற மறுத்துவிட்டது. இறங்கிப் பார்த்தால், டயருக்கும் போர்க்குக்கும் இடையே மண் சாந்துபோல அப்பி, கொழுக்கட்டை கொழுக்கட்டையாகத் திரண்டிருந்தது. தென்னை ஈர்க்கை மடித்து மடித்துக் குத்தி எடுத்தேன். இருபது அடி போனதும் மறுபடி அதே கதை. கடைசியில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தார்ச்சாலைக்கு வந்தேன். பின் சட்டத்தில் பெயின்ட் உரிந்து அலுமினியம் தெரிகிறது. போர்க்கில் இன்னும் ஒரு விரற்கடை இடைவெளி விட்டிருந்தால் இது இவ்வளவு மோசமாகியிருக்காது. செம்மண்ணிலும் சரளையிலும் எந்தத் தொல்லையும் இல்லை.

பிரேக் போதுமானது, அவ்வளவே. ஓசை வரும்போது திருகைச் சரிசெய்தால் நின்றுவிடுகிறது.

விற்ற கடையைப் பற்றி நல்ல சொல் சொல்ல முடியவில்லை. சீட்டின் உயரத்தைக் கண்ணால் பார்த்து வைத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் வாரம் வலது முழங்காலின் முன்பக்கம் வலிக்கத் தொடங்கி, மாடிப்படி ஏறும்போது முகம் சுளிக்கும் அளவுக்கு வந்தது. காலின் உள்ளளவை எடுத்து 0.883-ஆல் பெருக்கினால் பெடல் தண்டுகள் சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரையான உயரம் கிடைக்கும் என்ற பழைய கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். என் அளவு 80 சென்டிமீட்டர், வர வேண்டியது 70.6, அவர்கள் வைத்திருந்தது 67. இரண்டு வாரத்தில் சிறிது சிறிதாக உயர்த்தினேன், வலி போய்விட்டது. உடம்பைச் சரிசெய்ய வாங்கும் பொருளை உடம்புக்கு ஏற்பப் பொருத்தித் தருவது விற்பவரின் கடமை; கேட்டு, அளக்கச் செய்து, அதன்பின் பணம் கொடுங்கள்.

இனி உடம்பு. வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வாரத்தில் மூன்று காலை ஐம்பது நிமிடங்கள் என்று தொடங்கினேன். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது என்ற அளவில் மூச்சை வைத்துக்கொண்டேன். மூன்றாம் மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் சேர்ந்தது. எடை 91-லிருந்து 82-க்கு வந்தது, சர்க்கரை 5.6 ஆனது. இரவுச் சோற்றையும் பாதியாகக் குறைத்தேன், எல்லாப் பெருமையும் சைக்கிளுக்கு இல்லை. ஆனால் நடைப்பயிற்சியை நான் நான்கு முறை தொடங்கி நான்கு முறையும் விட்டவன். இதை விடாததற்குக் காரணம், விடியற்காலை ஆறு மணிக்குத் தென்னந்தோப்பின் நடுவே தண்ணீர் ஓடும் சத்தத்தோடு போகும் அந்த ஐம்பது நிமிடங்களை நான் விரும்பத் தொடங்கியதுதான். தை மாதத்தில் ஆழியாற்றிலிருந்து வால்பாறைச் சாலையில் ஒன்பதாம் கொண்டை ஊசி வளைவு வரை, இரண்டு இடத்தில் மட்டும் நின்று, மிதித்தே ஏறினேன். அணையைக் கீழே பார்த்தபடி நின்றபோது கண் கலங்கிவிட்டது.

ஓர் எச்சரிக்கை. மண் பாதையில் ஓடும் சைக்கிள் கையில் இருக்கிறது என்பதற்காக ஆனைமலை, பரம்பிக்குளம் புலிகள் காப்பகங்களின் காட்டுத் தடங்களில் யாரும் நுழையக் கூடாது. அது சட்டப்படியும் தவறு. சத்தமில்லாமல் வரும் சைக்கிள் யானைக்கு முன்னால் திடீரென்று போய் நிற்பது உயிருக்கே ஆபத்து.

தார்ச்சாலையில் மட்டும் ஓட்டுபவர்களுக்கு இந்த விலை தேவையில்லை. மண் பாதை வாசலிலேயே இருப்பவர்களுக்கு, டயரும் பல்சக்கரமும் மாற்றும் செலவோடு சேர்த்து, நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். என் பின் டயரின் நடுக்கோடு இப்போது வழுவழுப்பாகத் தேய்ந்துவிட்டது. அடுத்ததை 45 ஆக வாங்கலாமா என்று போர்க்கின் இடைவெளியை ஸ்கேலால் அளந்து பார்த்தேன். ஐப்பசிக் கரிசலை நினைத்து, 40 அளவிலேயே இன்னொரு ஜோடிக்குச் சொல்லியிருக்கிறேன்.