செர்ரிப்பூவா, மரிக்கொழுந்துப் பாசியா? மண்டபத்துக் குளியல் நிலையத்துக்கு மூன்று முத்திரைகள்

மண்டபம் பக்கம் ஜப்பானிய முறையில் வெந்நீர்க் குளியலும் பாத மசாஜும் தரும் சிறு நிலையம் ஒன்றைத் திறக்கப்போகும் தம்பி ஒருவர், லோகோவுக்கு மூன்று மாதிரிகளை அனுப்பி எதை எடுக்கலாம் என்று கேட்டிருந்தார்.

முதல் மாதிரியில் சிவப்பு வட்டம், செர்ரிப்பூ, நடுவில் தோரி வாசல். ராமேஸ்வரம் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தாலே ஜப்பான் என்று புரிந்துவிடும். அதுதான் இதன் பலம். ஆனால் தோரி என்பது ஷிண்டோ கோயிலின் நுழைவாயில். நம் ஊர்க் கோபுரத்தை வெளிநாட்டு மசாஜ் கடை முத்திரையாகப் போட்டால் நமக்கு எப்படி இருக்கும்? மத உணர்வைப் புண்படுத்தக்கூடிய குறிகளைப் பதிய மறுக்க 1999ஆம் ஆண்டு வர்த்தகக் குறிச் சட்டத்தில் இடமும் இருக்கிறது. சரி, தோரியை எடுத்துவிடலாம் என்றால், மிஞ்சும் செர்ரிப்பூ எந்த ஊர் ஸ்பாவிலும் இருப்பது.

இரண்டாவது, படமே இல்லாத வெள்ளைப் பலகையில் மெல்லிய எழுத்தில் பெயர் மட்டும். 1980இல் தொடங்கிய மூஜி என்ற ஜப்பானிய வீட்டுப்பொருள் பிராண்டு பிரபலமாக்கிய வழி. அழகுதான். மூஜிக்கு அதன் பொருட்களே பேசும். நேற்றுத் திறந்த ஒற்றைக் கடைக்கு அந்த வசதி இல்லை.

மூன்றாவதுதான் என் தேர்வு. ஜப்பானியக் குடும்பங்களின் காமோன் முத்திரை பாணியில் வரைந்தது: ஒரே நிறம், வட்டத்துக்குள் ஒரு செடி. மிட்சுபிஷியின் மூன்று வைரங்களும் இப்படிப்பட்ட இரண்டு குடும்ப முத்திரைகளிலிருந்து பிறந்தவைதான். இங்கே வட்டத்துக்குள் இருப்பது மரிக்கொழுந்துப் பாசி. நம் கரைப் பெண்கள் கடலில் மூழ்கிப் பறிக்கும் இந்தப் பாசியிலிருந்து ஜெல்லி போல உறையவைக்கும் அகர் என்ற பொருளை எடுக்கிறார்கள். கடற்பாசியிலிருந்து அகர் எடுப்பது ஜப்பானில் 17ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிய தொழில். இரண்டு கரைகளுக்கும் பொதுவான பொருள் இப்படிக் கையருகிலேயே இருக்கும்போது செர்ரிப்பூ எதற்கு?

ஒரே நிறம் என்பதால் ரப்பர் ஸ்டாம்பாகவே செய்து காகிதப் பையில் குத்தலாம். மசாஜ் எண்ணெய்ப் புட்டியைப் பனையோலைக் கொட்டானில் வைத்துக் கொடுக்கலாம். ஜப்பானியக் குளியல் கூடங்களின் வாசலில் நோரென் என்ற துணி தொங்கும். அதேபோல் அவுரிச் சாயமேற்றிய பருத்தித் துணியில் இந்த முத்திரையையும், கீழே பெயரைத் தமிழில் பெரிதாகவும் போடலாம். உப்புக்காற்றில் இரும்புச் சட்டம் துருவேறும். துணியைத் துவைத்து மாட்டிக்கொள்ளலாம். வெயிலில் அவுரியும் வெளுக்கும்தான், ஆனால் வெளுத்த நீலமும் பார்க்க நன்றாகவே இருக்கும்.

இதன் குறை, பஸ்ஸில் போகிறவருக்கு இது ஜப்பானிய நிலையம் என்று தெரியாது. பெயருக்கு அடியில் 'ஜப்பானிய வெந்நீர்க் குளியல்' என்று தெளிவாக எழுதினால் போதும். தமிழைத் தூரிகையால் கீறி ஜப்பானிய எழுத்துப் போலக் காட்டும் எழுத்துரு வேண்டவே வேண்டாம், வாசிக்க முடியாது. பாசிப் படம் இருக்கிறதே என்று, பாசி நோய் தீர்க்கும் என்றும் எழுதிவிடக் கூடாது.

பெயரையும் முத்திரையையும் வர்த்தகக் குறியாக, குளியல், மசாஜ் போன்ற சேவைகளுக்கான 44ஆம் வகுப்பில் பதிவு செய்ய விண்ணப்பித்துவிட்டு, அப்புறம் துணிக்குச் சாயம் கொடுக்கட்டும். எண்ணெயையும் தன் பெயரில் விற்பதானால் அழகுப் பொருட்களுக்கான 3ஆம் வகுப்பும் வேண்டும்.